சோறூட்டும் நேரத்துத் தமிழ்

சிங்கப்பூரில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி உண்டு: வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி எது? ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 43 பேர் அளவில் தமிழ் என்றார்கள். 2010இல் அது 37 அளவுக்கு இறங்கியது. 2020இல் 27.9. அதே ஆண்டு ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 59.2 விழுக்காடு. இந்தியர் என்ற கணக்கில் மலையாளிகள், பஞ்சாபியர், குஜராத்தியர், இந்தி பேசுவோர் எல்லாரும் அடங்குவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வடஇந்தியாவிலிருந்து அண்மைக் காலத்தில் குடியேறியவர்களும் இதில் உண்டு. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் சரிவு சரிவுதான்.

இத்தனைக்கும் தமிழுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் இடம் சிறியதல்ல. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. வெள்ளி நோட்டில் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் ஒலிக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. ஒலி 96.8 வானொலியும் வசந்தம் தொலைக்காட்சியும் இருக்கின்றன. ஏப்ரல் மாதம் முழுக்கத் தமிழ்மொழி விழா நடக்கிறது. பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம். இவ்வளவும் இருந்தும் வீட்டில் தமிழ் குறைகிறது என்றால் கவனிக்க வேண்டிய இடம் வேறு. மொழிச் சமூகவியல் அறிஞர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் எழுதிய நூலில் இதைத்தான் வலியுறுத்தினார்: பள்ளியும் ஊடகமும் எவ்வளவு கைகொடுத்தாலும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டில் கைமாறாத மொழி அடுத்த தலைமுறையில் நிலைக்காது.

அந்தக் கைமாற்றம் எப்போது நடக்கிறது? பெரும்பகுதி, பிறந்ததிலிருந்து ஆறு வயதுக்குள். குளிப்பாட்டும்போது, சோறூட்டும்போது, கடைக்குக் கூட்டிப் போகும்போது, தூங்கவைக்கும்போது. இவற்றுக்குப் பாடத்திட்டம் கிடையாது, தேர்வும் கிடையாது. அதனாலேயே இவற்றை யாரும் கல்வி என்று கணக்கில் எடுப்பதில்லை. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் இன்றைய நிலையில் இந்தச் சின்ன வேலைகளே மொழியின் முதல் பள்ளி என்பதற்கு ஆதாரங்கள் நிறையவே இருக்கின்றன.

முன்பு வீடு மட்டும் இந்தப் பாரத்தைச் சுமக்கவில்லை. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றியும், சிராங்கூன் ரோட்டின் கடைவீடுகளிலும் வளர்ந்த பிள்ளைக்கு வாசலைத் தாண்டினால் தமிழ்தான். பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டுத் தாத்தா, தெருவில் ஓடும் பையன்கள் எல்லாரும் ஆசிரியர்களாக இருந்தார்கள். பிரிட்டிஷார் 1971இல் படைகளை விலக்கிக்கொண்டபோது கடற்படைத் தளத்தின் பழைய வாழ்க்கை கலையத் தொடங்கியது. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளில் கடைசியாக நின்றது அதுதான். 1987இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி.

அதற்கிடையில் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளில் ஓரினத்தவர் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. இப்போதைய வரம்பின்படி ஒரு புளோக்கில் இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. சீன, மலாய், இந்தியப் பிள்ளைகள் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கி, ஒரே விளையாட்டுத் திடலில் ஒன்றாக வளர்வது இந்தக் கொள்கையின் பெரும் நன்மை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் நூறு வீடுகள் உள்ள புளோக்கில் தமிழ் வீடு விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். தோ பாயோவின் புகழ்பெற்ற டிராகன் விளையாட்டுத் திடலில், 1970களின் இறுதியில் கோர் இயான் கீ வடிவமைத்த அந்தத் திடலில், சறுக்கி விளையாடிய தமிழ்ப் பிள்ளை நண்பர்களோடு பேசியது பெரும்பாலும் ஆங்கிலமும் கொஞ்சம் மலாயுமாகத்தான் இருந்திருக்கும். தெரு கற்றுக்கொடுத்த பங்கையும் சேர்த்து வீடே கொடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டின் வேலை பிள்ளை பேசத் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. கனடாவில் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு உளவியலில் மிகப் புகழ்பெற்றது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியில் உள்ள ட, த போன்ற இரு ஒலிகளை எளிதாக வேறுபடுத்தினார்கள். பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வேறுபாடு காதில் விழவில்லை. ஆங்கிலத்துக்கு அது தேவையில்லை என்று மூளை ஒதுக்கிவிட்டது. பட்டும் பத்தும் வேறு வேறு என்று கேட்கும் செவி தமிழுக்கு அடிப்படை. பிற்காலத்தில் அந்தச் செவியை மீட்க முடியும், ஆனால் பாடுபட வேண்டும். முதல் பிறந்தநாளுக்கு முன்பு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டி, "கையத் தூக்கு, காலை நீட்டு, கண்ண மூடிக்கோ, தண்ணி வருது பாரு" என்று ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாரே, அந்தப் பேச்சு எந்தப் பாடுமில்லாமல் இதைச் செய்துவிடுகிறது.

இங்கே பல பெற்றோர் ஒரு கேள்வி கேட்பார்கள். பாட்டி ஊரில் இருக்கிறார், நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் தமிழ்க் குழந்தைப் பாடல்தானே போட்டுவிடுகிறோம், அது போதாதா?

சியாட்டலில் பாட்ரீஷியா கூலின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் மொழி பேசுபவர்கள் பன்னிரண்டு தடவை தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். குழந்தைகள் மாண்டரின் ஒலிகளை நன்றாகவே பிரித்தறியத் தொடங்கினார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சி வழியாக என்று இன்னொரு குழுவுக்குக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் எதுவும் கற்றதாகத் தெரியவில்லை. கண்ணைப் பார்த்து, சிரிப்புக்குச் சிரித்து, பிள்ளை கை நீட்டும் பொருளின் பேரைச் சொல்லும் மனிதர் எதிரே இருக்க வேண்டும். திரையில் ஓடும் தமிழ், அந்த வயதுப் பிள்ளைக்குத் தமிழாகச் சேர்வதில்லை.

திரையைப் பற்றி சிங்கப்பூரிலேயே நீண்ட ஆய்வு ஒன்று நடக்கிறது. கஸ்டோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வில் 2009 முதல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் 437 பிள்ளைகளைக் கொண்ட ஓர் அறிக்கை 2023இல் வந்தது. ஒரு வயதில் திரைமுன் அதிக நேரம் இருந்த குழந்தைகளின் மூளை அலைகள் ஒன்றரை வயதில் வேறுபட்டிருந்தன. ஒன்பது வயதில் கவனத்தையும் தன்னைக் கட்டுப்படுத்துவதையும் சோதித்தபோது அவர்கள் பின்தங்கினார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, திரைதான் காரணம் என்று முடிவுகட்டும் ஆய்வு அல்ல. ஆனாலும் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாக இருக்கிறது: ஒன்றரை வயதுக்குக் கீழ் காணொளி அழைப்பைத் தவிரத் திரை வேண்டாம், ஆறு வயது வரை, பள்ளிப் பயன்பாடு போக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக. காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்கு இருப்பதைத் தமிழ்ப் பெற்றோர் கவனிக்கலாம். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும் தாத்தா பாட்டி கைப்பேசித் திரையில் வந்து, "என்ன சாப்பிட்ட? ரசஞ்சோறா?" என்று கேட்பது, பிள்ளையின் பதிலுக்கு மறுபதில் சொல்லும் உயிருள்ள பேச்சு.

சரி, பிள்ளைக்குக் கால் முளைத்து நடக்கத் தொடங்கிவிட்டது. இனி தேக்கா.

சிராங்கூன் ரோடும் புக்கிட் தீமா ரோடும் சந்திக்கும் முனையில் இருக்கும் தேக்கா நிலையம் 1982இல் சூஜியாவ் நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. மக்கள் விடாமல் தேக்கா என்றே அழைத்ததால் 2000இல் பழைய பெயரே திரும்பி வந்தது. ஞாயிறு காலை ஈரச்சந்தையிலும் பக்கத்துப் பஃபலோ ரோட்டிலும் நடந்தால், பேரங்காடியின் குளிர்பதன அலமாரியில் கிடைக்காத ஒன்று பிள்ளைக்குக் கிடைக்கும். பொருளைத் தொடலாம், முகரலாம், விற்பவரிடம் கேட்கலாம். வாழைப்பூவும் முருங்கைக்கீரையும் கொத்தவரையும் குவிந்து கிடக்கும் கடைகளில் பேச்சு பெரும்பாலும் தமிழிலேயே நடக்கிறது. பிள்ளையைப் பொறுத்தவரை, அம்மாவும் அப்பாவும் மட்டும் பேசும் மொழி அல்ல இது, ஊரில் காரியம் நடக்கும் மொழி என்று தெரிவது இங்கேதான்.

நான்கு வயதுப் பேத்தி ஒருத்தி வெண்டைக்காய்த் தட்டின் முன் நிற்கிறாள். பாட்டி அவள் கையில் ஒரு காயைக் கொடுத்து, "நுனிய ஒடிச்சுப் பாரு" என்கிறார். பிள்ளை வளைக்கிறாள்; காய் வளைகிறது, ஒடியவில்லை. "பாட்டி, திஸ் ஒன் கேனாட் பிரேக்!" "அப்ப அது முத்தல். வெச்சிரு, வேற எடு." அடுத்த காய் பட்டென்று ஒடிகிறது. "ஆங், இதுதான் பிஞ்சு. இந்த மாதிரி இருவது எடுத்து இதுல போடு." முத்தல், பிஞ்சு என்ற இரண்டு சொற்களும் இப்போது அவள் விரலில் இருக்கின்றன. இருபது வரை எண்ணியாக வேண்டும். ஒன்று பொறுக்கி இன்னொன்றைத் தள்ளும் நியாயமும் புரிந்துவிட்டது. இதே இரண்டு சொற்களைப் படம் போட்ட அட்டையில் காட்டி ஒருவர் கற்பிக்க முயன்றால் எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வளர்ச்சி உளவியலாளர் பார்பரா ரோகாஃப் குவாத்தமாலாவின் மாயா சமூகங்களில் பல்லாண்டுகள் கண்டது இதைத்தான். பெரியவர்கள் செய்யும் உண்மையான வேலையில் பிள்ளைகள் சிறு வயதிலேயே கைகொடுக்கிறார்கள். பார்த்தும் சேர்ந்து செய்தும் கற்கிறார்கள். நம் வீடுகளிலும் அது புதிதல்ல. பூண்டு உரிப்பது, சின்ன வெங்காயத்தைத் தோல் நீக்குவது, கீரை ஆய்வது, துணி மடித்துச் சாக்ஸுக்கு ஜோடி தேடுவது, தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது அச்சை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. சிங்கப்பூரின் வேகமான வாழ்க்கையில் இவற்றையெல்லாம் பிள்ளை தூங்கிய பிறகு அவசரமாக முடிப்பதோ இல்லப் பணிப்பெண்ணிடம் விடுவதோ வழக்கமாகிவிட்டது. பிள்ளை சேர்ந்தால் வேலை நேரம் இரட்டிப்பாகும், மாவு தரையெல்லாம் சிந்தும், உண்மைதான். அந்தக் கூடுதல் நேரம்தான் பேச்சு நடக்கும் நேரம்.

புளோக்கின் நடைபாதையில் வாசலுக்கு முன் போடும் கோலமும் இந்த வகைதான். புள்ளி வைக்க எண்ண வேண்டும், கோடு இழுக்க இரு பக்கமும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் உடனாய்வாளர்களும் 1970களில் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கணங்களோடு இணைத்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்கள். அவ்வளவு கணக்கு அந்த வாசலில் கிடக்கிறது.

விளையாட்டுக்கு வருவோம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த வீடுகளின் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்தும் எளிய ஆட்டத்தை நான்கு அமர்வுகளாக, மொத்தம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அளவில் ஆடினார்கள். எண்ணறிவில் அவர்கள் பெற்ற முன்னேற்றம் ஒன்பது வாரங்கள் கழித்தும் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணம் தீட்டிய கட்டங்களில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பரமபதம் வீட்டில் இருந்தால் போதும். ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் எண்ணியபடி ஆட வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூருக்கே உரிய வாய்ப்புகளும் உண்டு. இங்கே அஞ்சாங்கல் ஆட்டத்துக்குக் கல்லுக்குப் பதிலாக அரிசியோ பயறோ நிரப்பித் தைத்த சின்ன முக்கோணத் துணிப்பைகளைப் பயன்படுத்துவார்கள். சீன, மலாய், இந்தியப் பிள்ளைகள் எல்லாரும் ஆடியது. நம் பல்லாங்குழிக்கு உறவான சொங்காக் மலாய்க்காரர் வீடுகளில் இருக்கிறது. அடுத்த வீட்டு மலாய்ப் பாட்டியிடம் சொங்காக் கற்று, தன் வீட்டில் பல்லாங்குழி ஆடும் பிள்ளைக்கு இந்த நாட்டின் பண்பாடு இரண்டு பக்கமும் கைவந்துவிடும்.

பொங்கல் நேரத்தில் லிட்டில் இந்தியாவில் மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து கட்டுவதும் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குப் பெரிய விருந்து. ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்கள் நிறைந்திருந்த பகுதி அது. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு வழி இருந்தும் பல பெற்றோர் தயங்குகிறார்கள். அதற்கு ஒரு காரணம் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டியது. "எங்க தமிழ் சுத்தமில்ல, பிள்ள தப்பா கத்துக்கும்" என்று சொல்லி ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தமிழறிஞர் ஹெரால்ட் ஷிஃப்மன் 1995இலேயே மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் மொழிமாற்றத்தை ஆராய்ந்து எழுதியபோது, எழுத்துத் தமிழின் தூய்மைமீது வைக்கும் அளவு மீறிய அழுத்தம் பேச்சுத் தமிழைத் தாழ்த்தி, மொழியை வீட்டிலிருந்து வெளியேற்ற உதவுகிறது என்று சுட்டினார். கல்வி அமைச்சு 2005இல் அமைத்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவும் வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. அதன் பிறகும் பெற்றோரின் கூச்சம் முற்றாகப் போகவில்லை. "சாப்டுட்டு வா" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் "சாப்பிட்டுவிட்டு வா" என்பது பள்ளியில் பழகிய முகமாகத் தெரியும். ஒன்றையும் கேட்காத பிள்ளைக்கு இரண்டும் அந்நியம்.

இன்னொரு தயக்கம், பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொல்வது. பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் பகுதியில் பெரும்பான்மை மொழியோடு வேறொரு மொழியும் பேசும் 1,899 குடும்பங்களிடம் மொழியியலாளர் அன்னிக் டி ஹௌவர் தகவல் திரட்டி 2007இல் முடிவுகளை வெளியிட்டார். அப்பா ஒரு மொழி, அம்மா இன்னொரு மொழி என்று பிரித்துக்கொண்ட வீடுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று வீடுகளின் பிள்ளைகளே சிறுபான்மை மொழியைப் பேசினார்கள். பெற்றோர் இருவருமே சிறுபான்மை மொழியைப் பேசி, பெரும்பான்மை மொழியை அதிகபட்சம் ஒருவர் மட்டும் சேர்த்துக்கொண்ட வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல். ஆங்கிலமும் சீனமும் நிறைந்த நாளில் தமிழுக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், அம்மாவோடு அப்பாவும் சேர்ந்தால்தான் எடை கூடும்.

நேரம்தான் பெரிய நெருக்கடி. குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பல இரண்டு மாதக் கைக்குழந்தையிலிருந்தே ஏற்கின்றன, காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கின்றன. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் தமிழ் கேட்கும் நிலையம் எல்லா வட்டாரத்திலும் இல்லை. ஆங்கிலத்தோடு சீனம் மட்டும் கற்பிக்கும் நிலையங்களில் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் 2014இல் தொடங்கியபோது தமிழும் சேர்ந்தது நல்ல திருப்பம், ஆனால் அவை ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானவை. அரசின் வேறு சில ஏற்பாடுகள் மொழியை மனதில் வைத்துச் செய்யப்படாவிட்டாலும் மொழிக்கு உதவக்கூடியவை. தந்தையர் விடுப்பு 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரமாகியிருக்கிறது. பெற்றோருடனோ பெற்றோருக்கு அருகிலோ மறுவிற்பனை வீடு வாங்கினால் மானியம் கிடைக்கிறது. தாத்தா பாட்டி நடக்கும் தூரத்தில் இருக்கும் வீட்டில் தமிழ் பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

புத்தகத்துக்கும் ஒரு சொல். உளவியலாளர் வைட்ஹர்ஸ்டின் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரே மாதம் படக்கதையை வாசிக்கும் விதத்தை மாற்றினார்கள். வாசித்துக்கொண்டே போகாமல் "இவன் என்ன செய்றான்?", "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டு, பிள்ளை சொன்னதை நீட்டிச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் பேச்சுத்திறன் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியது. சிங்கப்பூரின் பொது நூலகங்களில் தமிழ்ப் படக்கதைகள் இருக்கின்றன. எழுத்தைச் சரளமாக வாசிக்க வராத பெற்றோரும் படத்தைக் காட்டித் தமிழில் பேசலாம்.

ஆகவே தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். துணைப்பாட வகுப்புக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்பு, இரவுச் சாப்பாட்டு நேரத்தை மீட்டெடுங்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, உங்கள் வாயில் இயல்பாக வரும் தமிழில் பேசுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்தாதீர்கள், திட்டாதீர்கள். அதே பதிலைத் தமிழில் ஏற்றுக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கும்போது தமிழாசிரியர் உண்டா என்று ஒவ்வொருவரும் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் நிலையங்கள் ஆசிரியரைத் தேடும். இவற்றை ஆறு வயதுக்குள் செய்துவிட்டால், தொடக்கப்பள்ளித் தமிழாசிரியரின் கையில் வந்து சேர்வது ஏற்கெனவே தமிழ் பேசும் பிள்ளையாக இருக்கும்.